எட்ட, கிட்ட: நாயின் முட்டியில் வரும் கட்டி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெரு நல்ல சரிவு. குப்பை எடுக்கிற நாளில் எதிர்வீட்டு அக்கா சக்கரத் தொட்டியைக் கேட்டோடு கயிறு போட்டுக் கட்டிவிடுவார். இல்லாவிட்டால் அது டர்பன் வரைக்கும் உருண்டு போகும்.

அவருடைய ராட்வைலர் டைகரின் முட்டிக்குள்ளும் அதே கதைதான். நாயின் கீழ்க்கால் எலும்பின் தலை தட்டையாக இருக்காது. பின்பக்கமாக 25 டிகிரி போலச் சரிந்திருக்கும். ஒவ்வொரு அடிக்கும் தொடை எலும்பு அந்தச் சரிவில் வழுக்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தும் கயிறுதான் சிலுவை நார். அது மெல்ல நைந்து ஒரு நாள் அறுந்துவிடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பார்க்ளே ஸ்லோக்கம் 1993-ல் வெளியிட்ட முறையில் கயிற்றைத் தொடுவதில்லை, சரிவையே குறைக்கிறார்கள். எலும்பின் தலையை வளைந்த ரம்பத்தால் அறுத்து, 5 டிகிரிக்குத் திருப்பி, எவர்சில்வர் தகடும் திருகாணியும் போட்டு இறுக்குவார்கள். டைகர் சில மாதத்தில் ஓட ஆரம்பித்துவிட்டான்.

நான்கு வருடம் கழித்து அதே காலை நொண்டினான். "ஆணி லூசாயிருக்கும்" என்றார் அக்கா. இருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம். அபூர்வமாகப் புற்றுக்கட்டியாகவும் இருக்கும்.

அதில் இரண்டு வகை. ஒன்று எலும்பில், தகட்டுக்குப் பக்கத்தில் முளைப்பது. உலோகம் மெல்ல அரித்து, சுற்றியுள்ள திசு ஆறாமல் புகைந்துகொண்டே இருந்தால், செல்கள் ஓயாமல் பிரியும். பிரியப் பிரிய மரபணுவில் பிழையும் சேரும், அது புற்றாகலாம். பழைய வார்ப்புத் தகடுகள்மேல் இந்தச் சந்தேகம் அதிகம். ஆனால் பெரிய நாய்களின் எலும்புப் புற்று, தகடே இல்லாவிட்டாலும், முழங்கைக்கு எட்ட, முட்டிக்குக் கிட்டதான் வரும். அதனால் பழியை முழுக்கத் தகட்டின்மேல் போட முடியாது.

இன்னொன்று மூட்டின் உள்சவ்வில், ஹிஸ்டியோசைட் என்ற நோய் எதிர்ப்புச் செல்களிலிருந்து வருவது. ராட்வைலருக்கும் பெர்னீஸ் மலை நாய்க்கும் இது அதிகம். பெர்னீஸில் ஏற்கெனவே கெட்டுப்போன மூட்டிலேயே இது வர வாய்ப்பு கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள். மூட்டு கெடுவதோ, கத்தி படுவதற்கு முன்பே, நார் நையும்போதே தொடங்கிவிடுகிறது.

எக்ஸ்ரேயில் ஒரு குறிப்பு கிடைக்கும். எலும்புக் கட்டி பெரும்பாலும் ஒரே எலும்போடு நிற்கும், மூட்டைத் தாண்டாது. சவ்வுக் கட்டி இரண்டு பக்கமும் அரிக்கும். டைகரின் படத்தில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் செல்லரித்த மாதிரி இருந்தன. திசு எடுத்துப் பார்த்ததில் ஹிஸ்டியோசைட்.

காலை எடுத்தார்கள், லோமஸ்டின் என்ற புற்றுநோய் மாத்திரை ஓடுகிறது. மூன்று காலில் சரிவை ஏறிவிடுகிறான். இறங்கத்தான் கொஞ்சம் யோசிக்கிறான்.