பேனரில் வீரமரணம், கோப்பில் வேறு சொல்

போரில் இறந்தவர்களைக் கௌரவிப்பதில் நாம் குறை வைப்பதில்லை. டெல்லியில் இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். நம் ஊரிலும் பேனர், துப்பாக்கி மரியாதை, காசோலையோடு ஒரு போட்டோ எல்லாம் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல்காரர் வந்து கழிகளைப் பிரித்துக்கொண்டு போன பிறகு, இறந்த வீரரின் மனைவி கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு அலுவலகங்களுக்கு நடக்க ஆரம்பிப்பாள். இது அவளுக்காக.

முதலில் ஒரு விஷயம். 'வீரமரணம்', 'தியாகி' என்றெல்லாம் ராணுவக் கோப்பில் எழுத மாட்டார்கள். அங்கே இருப்பது இரண்டே வார்த்தை: 'பேட்டில் கேஷுவாலிட்டி' அல்லது 'பிசிகல் கேஷுவாலிட்டி'. போர், எல்லை மோதல், தீவிரவாதிகளோடு சண்டை என்றால் பொதுவாக முதலாவது. விபத்து, நோய் என்றால் பெரும்பாலும் இரண்டாவது. உங்கள் வீட்டுக்கு மாதாமாதம் எவ்வளவு வரும் என்பது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. முதல் வகைக்குத் தாராளமாக்கப்பட்ட குடும்ப ஓய்வூதியம், அதாவது அவர் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும். பணியின் காரணமாக நேர்ந்த மற்ற மரணங்களுக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். பணிக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டால் சாதாரண ஓய்வூதியம். முதல் சில வருடம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிட்டு, அப்புறம் 30 சதவீதத்தில் நிறுத்திவிடுவார்கள்.

இந்தச் சொல் பாதியில் மாறவும் செய்யும். 2013 ஜனவரியில் காஷ்மீர் எல்லையில் கடும் குளிரில் ரோந்து போன ஒரு வீரர் மாரடைப்பால் இறந்தார். முதலில் பேட்டில் கேஷுவாலிட்டி என்று எழுதியவர்கள், பிறகு பிசிகல் என்று மாற்றினார்கள். மனைவி ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போய் ஜெயித்தார். அரசு விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை இழுத்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் மனுவைத் தள்ளி, 50,000 ரூபாய் செலவுத்தொகையும் கட்டச் சொன்னது. கிட்டத்தட்ட 12 வருடம். வழக்குப் போடத் தெரியாதவர்கள் வாங்குவது 60 சதவீதம்தான்.

ஆகவே உடலோடு வரும் அதிகாரி திரும்பிப் போவதற்கு முன் அவர் பெயர், யூனிட், போன் நம்பர் வாங்கி வையுங்கள். துக்க வீட்டில் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், மச்சானையோ சித்தப்பாவையோ கேட்கச் சொல்லுங்கள். மரணம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, விசாரணை நடந்திருந்தால் அதன் முடிவு என்ன என்று யூனிட்டுக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கும் எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்னதற்கு மதிப்பில்லை. ஓய்வூதிய ஆணை வந்ததும் தொகையை மட்டும் பார்க்காமல், எந்த வகை ஓய்வூதியம் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு அம்மா ஏழு வருடமாகத் தவறான வகையில் வாங்கிக்கொண்டிருந்தார், வந்தவரை போதும் என்று. வகை தவறென்றால் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் பலிக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

அடுத்த கண்ணி, நம் ஊர் இனிஷியல். சர்வீஸ் புத்தகத்தில் மனைவி பெயர் தனியாக இருக்கும், ஆதாரில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் நீட்டி எழுதியிருக்கும். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க ஆறு மாதம் அலைய வேண்டும். இதைவிட மோசம், லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு அதை யூனிட்டில் பதியாமலே விடுவது. பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரங்களைப் பதியும் யூனிட்டின் ஆணை) பெயர் ஏறாவிட்டால் ராணுவத்தின் கணக்கில் மனைவியே கிடையாது. உயிரோடு இருக்கும் வீரர்கள் இதைப் படித்தால், அடுத்த லீவுக்கு முன் இதை முடித்துவிடுங்கள். நாமினியையும் பாருங்கள். ஆள் சேர்ந்தபோது அம்மா பெயரைப் போட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் மாற்றாமல் விட்டதால் மாமியாரும் மருமகளும் கோர்ட்டில் நிற்கும் வீடுகள் உண்டு. திருமணமாகாத மகன் பேட்டில் கேஷுவாலிட்டி என்றால், ஓய்வூதியம் பெற்றோர் இருவரும் இருந்தால் 75 சதவீதம், ஒருவர் என்றால் 60.

"மறுமணம் செய்தால் பென்ஷன் போய்விடும்" என்று மிரட்டுவார்கள். தாராளமாக்கப்பட்ட ஓய்வூதியத்தில் அது பொய். குழந்தை இல்லாவிட்டாலோ, குழந்தைகளைத் தொடர்ந்து வளர்த்தாலோ முழுசாகத் தொடரும். வீரப் பதக்கத்துக்கான மாதப்படிக்கு மட்டும், கணவரின் சகோதரரைத்தான் மணக்க வேண்டும் என்று ஒரு அநியாயமான விதி இருந்தது. அதையும் 2017-இல் எடுத்துவிட்டார்கள்.

அக்னிவீர், அதாவது நான்கு வருடத்துக்கு மட்டும் சேரும் வீரர்களின் குடும்பங்களுக்குக் கசப்பான செய்தி: மாத ஓய்வூதியமே கிடையாது. 48 லட்சம் காப்பீடு, பணியின் காரணமாக இறந்தால் 44 லட்சம் கருணைத்தொகை, மீதிக் காலச் சம்பளம், சேவை நிதி (சம்பளத்தில் பிடித்ததும் அரசு போட்டதும் சேர்ந்த தொகை). மொத்தமாக வரும் பணம் என்பதால் வீட்டைச் சுற்றி உறவும் மொத்தமாக வரும், கவனம். சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப் குடும்பங்கள் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வரிசையில் நின்று திரும்ப வேண்டாம். அவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன, உங்கள் படைப்பிரிவிடம்தான் கேட்க வேண்டும்.

பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசின் கல்விச் சலுகை, பட்டப்படிப்பு வரை உண்டு. 2017-இல் மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் 2018-இல் நீக்கினார்கள். உச்சவரம்பு இன்னும் இருப்பதாகச் சொல்லும் குமாஸ்தாவிடம் அந்த வருடத்தைச் சொல்லுங்கள். அங்கீகாரம் இல்லாத பள்ளி என்றால் ஒன்றும் கிடைக்காது.

ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' இணையதளம் வழியாக வருகிறது. வருடம் ஒருமுறை உயிர்வாழ் சான்று தரத் தவறினால் பணம் நின்றுவிடும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். பையன் செல்போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடட்டும். இதற்கெல்லாம் கமிஷன் கேட்கிறவனைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். அசல் காகிதம் எதையும் எந்த மேஜையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் கொடுத்தாலும் அதன் இன்னொரு நகலில் சீல் வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும்.