பார்டர் ஏன் பாதி வெளியே நிற்கிறது?

ஆப் எழுதப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு வாசகர் படத்தோடு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். எஸ்விஜி என்பது கோடுகளையும் வடிவங்களையும் கணக்காக எழுதிவைக்கும் பட வகை. 100க்கு 100 அளவுள்ள எஸ்விஜி பெட்டி ஒன்றில் ஓரங்களைத் தொடும்படி கச்சிதமாக ஒரு வட்டம். விட்டம் 100. மஞ்சள் நிறம் நிரப்பியவரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை. கருப்பில் 10 பிக்சல் பார்டர் கொடுத்ததும், நான்கு பக்கமும் அரிவாள்மனையில் சீவியதுபோல் பார்டர் தட்டையாகிவிட்டது. "வட்டத்தை நான் தொடவே இல்லை சார், பார்டர் மட்டும்தான் போட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

அவர் வட்டம் அப்படியேதான் இருக்கிறது. வெளியே போனது பார்டர். எல்லைக் கல்லுக்குக் கல் கயிறு கட்டி, அந்தக் கயிற்றை நடுவாக வைத்து 9 அங்குலத்துக்கு காம்பவுண்டு சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? நாலரை அங்குலம் நம் மனையில், நாலரை அங்குலம் பக்கத்து வீட்டுக்காரர் மனையில். ஊரில் இதற்குப் பஞ்சாயத்து கூடும். எஸ்விஜி போன்ற வெக்டர் வரைகலையில் இதுதான் வழக்கம். பாத், அதாவது வடிவத்தின் தடம், என்பது கயிறு. அதற்குத் தடிமனே கிடையாது. ஸ்ட்ரோக், அதாவது நம் பார்டர், என்பது அதன் மேல் எழும் சுவர். ஆக, வாசகரின் வட்டம் வெளிப்புறத்தில் 110 ஆகவும் உட்புறத்தில் 90 ஆகவும் ஆகிவிட்டது. வெளியே நீட்டிய 5 பிக்சலை, நான்கு பக்கமும் ஓரத்தைத் தொடும் இடங்களில் பெட்டி நறுக்கிவிட்டது.

ஏன் நடுவில்? அச்சுப் பக்கங்களை விவரிக்க 1984-இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் ஸ்ட்ரோக் என்பது ஒரு பேனா தடத்தின் மேல் ஊர்ந்து போவது மாதிரிதான். பேனா முனையின் நடுப்புள்ளி தடத்தில் இருக்கும், மை இரண்டு பக்கமும் சமமாக விழும். பின்னால் வந்த பலவும் அந்த வழியிலேயே போயின. அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு ஆங்கில 'எஸ்' வடிவக் கோட்டுக்கு உள்பக்கம் எது? மூடாத தடத்துக்கு உள்ளும் கிடையாது, வெளியும் கிடையாது. மூடிய தடத்திலும் வம்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் நட்சத்திரம் போடுவோமே, அதன் நடுவில் வரும் ஐங்கோணம் உள்ளேயா, வெளியேயா? தடம் எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணும் விதிப்படி அது உள்ளே. ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்க்கும் விதிப்படி அது ஓட்டை. இரண்டு விதியும் எஸ்விஜியில் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் 'நடுவில் வை' என்பது யாரோடும் சண்டை வராத ஏற்பாடு.

இருந்தாலும் வடிவத்துக்குள்ளேயே அடங்கும் உள் பார்டர் வடிவமைப்பாளர்களுக்கு தினமும் தேவைப்படுகிறது. இல்லஸ்ட்ரேட்டர், ஃபிக்மா ஆகிய வரைகலை மென்பொருள்களில் உள்ளே, நடுவே, வெளியே என்று தேர்ந்தெடுக்கலாம். ஐபோன் ஆப் எழுதுபவர்களுக்கு ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐ கருவித்தொகுப்பில் ஸ்ட்ரோக் என்று ஒன்று, ஸ்ட்ரோக்பார்டர் என்று இன்னொன்று. இரண்டாவதுதான் உள்ளே வரைவது. எஸ்விஜிக்கும் இந்த வசதியைச் சேர்க்க 2015-இல் ஒரு வரைவு எழுதினார்கள். அது வருடக்கணக்கில் வரைவாகவே கிடந்தது. எழுதுவது சுலபம். எல்லா மூலைக்கும் சந்துபொந்துக்கும் ஒரே விடை வரும்படி விதி வகுத்து, ஒவ்வொரு பிரவுசரிலும் செய்து பார்க்க ஆளும் சம்பளமும் வேண்டும். பளபளப்பான துறைகளுக்குப் பணத்தை அள்ளிக் கொடுக்கிறவர்கள், கோடி பேர் தினமும் பார்க்கும் ஒரு கோட்டுக்காக நாலு பேரை வேலைக்கு வைப்பதில்லை. இது என் பழைய புலம்பல், விடுங்கள்.

வட்டத்துக்கு வழி எளிது: ஆரத்தை 50-இலிருந்து 45 ஆக்கினால் தீர்ந்தது. செவ்வகத்தையும் அப்படியே பக்கத்துக்குப் பாதித் தடிமன் உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் 'சுருக்குவது' என்றதும் பலரும் ஸ்கேல் செய்துவிடுகிறார்கள், அங்கேதான் தவறு. 400க்கு 40 உள்ள நீளமான பட்டன் ஒன்றை 90 சதவீதமாகச் சுருக்கிப் பாருங்கள். இடமும் வலமும் 20 பிக்சல் இடைவெளி, மேலும் கீழும் வெறும் 2. தோசையைச் சுற்றி ஒரே அகலத்துக்கு முறுகல் வேண்டுமென்றால், சின்ன தோசையைத் தூக்கி நடுவில் வைத்தால் ஆகாது.

சரி, இதய வடிவம், நட்சத்திரம், எழுத்து இவற்றுக்கெல்லாம்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. 10 பிக்சல் உள் பார்டர் வேண்டுமா, 20 பிக்சலுக்கு ஸ்ட்ரோக் கொடுங்கள். வழக்கம்போல் 10 உள்ளே விழும், 10 வெளியே. வரைவதற்கு முன் அதே வடிவத்தை கிளிப்பாக, அதாவது வெளியே விழுவதை வெட்டும் எல்லையாக, வைத்துவிடுங்கள். வெளியே விழுந்த பாதி காணாமல் போய்விடும். பிரவுசரில் நிரல் எழுதி வரையும் கேன்வாஸில் இது நாலைந்து வரி. சுவரை இரட்டைத் தடிமனுக்குக் கட்டி, பக்கத்து மனையில் இருப்பதை முழுக்க இடித்துவிடுவது மாதிரிதான். ஊரில் செய்தால் அடி விழும், திரையில் செலவே இல்லை.

இதை ஐந்து முனை நட்சத்திரத்தில் செய்து, பெரிதாக்கிப் பாருங்கள். பத்து மூலைகள் இருக்கின்றன. வாஸ்துக்காரர்கள்போல் ஈசானி மூலை, கன்னி மூலை என்று பேதம் பார்க்க வேண்டியதில்லை. மூலை வெளியே நீட்டுகிறதா, உள்ளே குழிகிறதா என்பது ஒன்றுதான் கணக்கு. நீட்டும் ஐந்து முனைகளிலும், கோடுகள் சேரும் மூட்டைக் கூராக வை, உருட்டி வை என்று நீங்கள் என்ன சொன்னாலும் பயனில்லை. அந்த மூட்டு விழுவது வெளியே, அது வெட்டுப்பட்டுப் போகிறது. குழியும் ஐந்து மூலைகளில் மூட்டு உள்ளே விழுவதால், அங்கே மட்டும் உருட்டல் கண்ணுக்குத் தெரியும். இன்னொரு வேடிக்கை: முனையின் கோணம் 36 பாகை. 10 பிக்சல் பார்டருக்கு உள்ளே தெரியும் மஞ்சள் நட்சத்திரத்தின் முனை 10 பிக்சல் அல்ல, 32 பிக்சல் பின்வாங்குகிறது. பக்கங்களிலிருந்து 10 தள்ளி நிற்கும் இரண்டு கோடுகள் அவ்வளவு உள்ளே போய்த்தான் சந்திக்கின்றன. உள் பார்டர் போட்டால் உள்ளே தெரியும் நட்சத்திரம் எதிர்பார்த்ததைவிடச் சிறுத்துப்போவது இதனால்தான்.

தந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. மஞ்சள் வட்டத்தின் கருப்பு பார்டருக்கு வெளியே, வெள்ளைப் பின்னணியில், மெல்லியதாய் ஒரு மஞ்சள் கசிவு தெரியும். கணக்கைப் பாருங்கள். ஓரத்தில் பாதி மட்டும் வடிவத்துக்குள் இருக்கும் ஒரு பிக்சல். முதலில் மஞ்சள் நிரப்புகிறோம்: 50 மஞ்சள், 50 வெள்ளை. பிறகு கிளிப்புக்குள் கருப்பு வரைகிறோம். அதுவும் அந்த பிக்சலில் பாதிதான் ஏறும். கிடைப்பது 50 கருப்பு, 25 மஞ்சள், 25 வெள்ளை. மஞ்சள் அங்கே துளிகூட இருக்கக் கூடாது. தப்பிக்க, மஞ்சளையும் இரட்டைத் தடிமன் கருப்பையும் கிளிப் இல்லாமல் தனி லேயரில் வரைந்துகொண்டு, கடைசியில் ஒரே ஒரு முறை வடிவத்தின்படி வெட்ட வேண்டும். லேயரில் அந்த பிக்சல் முழுக் கருப்பு. வெட்டியதும் 50 கருப்பு, 50 வெள்ளை. இரண்டு தடவை வெட்டியதுதான் கசிவுக்குக் காரணம். இது புரியாமல் நான் ஒரு லோகோவில் பார்டர் தடிமனை மாற்றி மாற்றி ஒரு ராத்திரியை வீணடித்திருக்கிறேன்.

வெட்டாமல், உள்ளே தள்ளிய புதுத் தடத்தையே கண்டுபிடிக்க முடியாதா? நேர்கோடுகளுக்கு முடியும். வளைவுகளுக்கு நாம் பயன்படுத்துவது பெசியே வளைவு. பிரான்ஸில் ரெனோ கார் நிறுவனத்தில் பியேர் பெசியேயும், சித்ரோயனில் பால் தெ காஸ்தெல்ஜோவும் கார் உடலை வரையத் தனித்தனியாகக் கண்டுபிடித்தது அது. அதன் ஒவ்வொரு புள்ளியையும் செங்குத்தாக ஒரே தூரம் நகர்த்த வேண்டுமென்றால், திசையை அதன் நீளத்தால் வகுக்க வேண்டும். நீளம் என்றதும் வர்க்கமூலம் வந்துவிடும். பெசியே வளைவு என்பது வெறும் பல்லுறுப்புக் கோவை. அதற்குள் வர்க்கமூலம் நுழைந்ததும், கிடைக்கும் கோடு பொதுவாக பெசியே வளைவாக இருக்காது. எனவே துண்டு துண்டாக்கித் தோராயம்தான். வளைவின் ஆரம் 6 பிக்சலாக இருந்து நீங்கள் 10 தள்ளினால், புதுக் கோடு தன்னையே கடந்து மீன்வால்போல் முறுக்கிக்கொள்ளும். அதை வேறு கத்தரிக்க வேண்டும்.

இன்னும் அழகான பார்வை ஒன்று இருக்கிறது. கோடு என்பதையே மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பிக்சலிடமும் 'ஓரம் உன்னிடமிருந்து எவ்வளவு தூரம்?' என்று மட்டும் கேளுங்கள். உள்ளே இருந்தால் விடை மைனஸில் வரட்டும். விடை மைனஸ் 10க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருந்தால் கருப்பு, அதற்கும் கீழே போனால் மஞ்சள். உள் பார்டருக்கு இதைவிடச் சின்ன இலக்கணம் எனக்குத் தெரியாது. வால்வ் விளையாட்டு நிறுவனத்தின் கிறிஸ் கிரீன், இந்தத் தூரங்களைச் சின்னப் படமாகச் சேமித்து எழுத்துகளைக் கூர்மையாகக் காட்டும் முறையை 2007-இல் வெளியிட்டார். வெளி பார்டர் வேண்டுமென்றால் கூட்டல் பக்கம் பார்த்தால் போதும்.

வாசகர் அடுத்து, 'க' என்ற எழுத்துக்கு உள் பார்டர் போட்டுப் பார்த்திருக்கிறார். வெளி ஓரம் சரியாக வந்துவிட்டது, ஆனால் எழுத்தின் வயிற்றுக்குள் தேவையில்லாத கோடுகள். அதில் அவர் தவறு எதுவும் இல்லை. அந்த ஃபான்ட்டைச் செய்தவர் குத்துக்கோட்டையும் படுக்கைக் கோட்டையும் தனித்தனித் துண்டுகளாக ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி வைத்திருக்க வேண்டும். தடிமனை இஷ்டப்படி மாற்றக்கூடிய வேரியபிள் ஃபான்ட்களில் இது சகஜம். நிறம் நிரப்பும்போது தெரியாது, ஸ்ட்ரோக் போட்டதும் ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சுவர் எழும்பிவிடும். அந்தச் சுவர்கள் நம் மனைக்குள்ளேயே இருப்பதால் கிளிப் அவற்றைத் தொடாது. எழுத்தை வடிவமாக மாற்றி, துண்டுகளை யூனியன் கொடுத்து ஒன்றாக்கிவிட்டு, அப்புறம் 20 பிக்சலும் கிளிப்பும் போடச் சொல்லியிருக்கிறேன்.