டன் கணக்கு கடைசியில் வரட்டும்

கோவை குறிச்சிப் பக்கம் ஒரு பேனல் போர்டு பட்டறை. தகட்டை வளைக்கும் புது பெண்டிங் மெஷின் இறக்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. இந்த மாதிரி மெஷின்களை நிறுவிக் கொடுப்பது என் வேலை, ஆனால் அந்த மெஷினை நிறுவியது நான் இல்லை. பட்டறை முதலாளி தெரிந்தவர் என்பதால் கூப்பிட்டார். போய் நின்றதும் பாதி வளைந்த பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"ஏனுங்க தம்பி, நூறு டன்னுன்னு சொல்லித்தான குடுத்தாங்க. இந்த ஒண்ணரை எம்.எம். பொட்டிய வளைக்க மாட்டேங்குதே?"

எதிரெதிர் இரண்டு பக்கங்கள் அழகாக வளைந்திருந்தன. மூன்றாவது பக்கத்துக்கு வரும்போது, ஏற்கெனவே நிமிர்ந்து நிற்கும் அந்த இரண்டு சுவர்களும் மேலே எழும்பி ரேமில், அதாவது பஞ்சைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போகும் பாகத்தில், போய் முட்டியிருக்கின்றன. ரேமின் அடியில் இரண்டு இடங்களில் பெயிண்ட் உரிந்து கிடந்தது. மெஷினுக்கு பலம் போதாமல் இல்லை, இடம்தான் போதவில்லை.

அவருடைய பெட்டி 1.6 மி.மீ. சி.ஆர். (கோல்டு ரோல்டு) இரும்புத் தகடு, ஆழம் 150 மி.மீ. டேப்பை எடுத்து அங்கேயே கணக்குப் போட்டோம். பெட்டியின் ஆழத்தை 1.4-ஆல் பெருக்கி, ரேம் தடிப்பில் பாதியைக் கூட்டினால், மேலிருந்து தகட்டை அழுத்தும் பஞ்ச் குறைந்தது எவ்வளவு உயரம் வேண்டும் என்று தெரியும். 150 × 1.4 = 210. ரேமும் கிளாம்பும் சேர்ந்து 60 மி.மீ., அதில் பாதி 30. ஆக, 240 மி.மீ. பஞ்ச். கீழே தகடு உட்காரும் பள்ளமுள்ள டையும் அதன் தாங்கியும் 120 மி.மீ. மொத்தம் 360. மெஷினின் டேலைட், அதாவது ரேம் முழுக்க மேலே இருக்கும்போது உள்ள திறப்பு உயரம், 320. வளைத்த பெட்டியை வெளியே எடுக்கும் இடத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சரி, நூறு டன் அழுத்தம் எதற்கு? சாதாரண இரும்புத் தகட்டுக்கு நாங்கள் பயன்படுத்தும் சூத்திரம் எளிது. 650-ஐத் தடிப்பின் வர்க்கத்தால் பெருக்கி, வளைவின் நீளத்தை மீட்டரில் பெருக்கி, வீ டையின் வாய் அகலத்தால் வகுத்தால் கிலோ நியூட்டன் வரும். பத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட டன். அவருடைய மிக நீளமான வளைவு 2 மீட்டர், டை வீ 12, அதாவது வாய் 12 மி.மீ. விடை 28 டன். 63 டன் மெஷினே தாராளம். மிச்சக் காசை டேலைட்டிலும், ரேம் ஓடும் தூரமான ஸ்ட்ரோக்கிலும் உயரமான பஞ்சிலும் போட்டிருக்கலாம். இப்போது மீதி இரண்டு பக்கங்களைத் தனித் தகடாக வெட்டி, வெல்டிங் வைத்து, கிரைண்டிங் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

கொட்டேஷன் கேட்டுப் போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் "எத்தனை டன், எத்தனை அடி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது: உங்கள் பட்டறையில் அதிகம் ஓடும் பத்து டிராயிங்கை அனுப்புங்கள். அதிலிருந்து முதலில் டை முடிவாக வேண்டும், மெஷின் அதற்குப் பிறகு. தகட்டின் தடிப்பைப்போல் எட்டு மடங்கு வாய் உள்ள வீ டை என்பது நல்ல தொடக்கம். ஆனால் அந்த வாய் அகலம் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது. உள் ஆரம் ஏறத்தாழ வாயில் ஆறில் ஒரு பங்கு வரும். மடிப்பின் குறைந்தபட்ச அகலம் வாயில் 0.7 பங்கு, அதற்குக் குறைந்தால் தகட்டின் ஓரம் டைக்குள் வழுக்கி விழும். 2 மி.மீ. தகட்டில் 8 மி.மீ. லிப், அதாவது ஓர மடிப்பு, கேட்கும் டிராயிங் வந்தால், வீ 16-ல் நடக்காது. வீ 10-க்கு இறங்க வேண்டும், டன் 1.6 மடங்கு ஏறும். ஸ்டெயின்லெஸ் என்றால் அதற்கும் மேல் ஒன்றரை மடங்கு. அலுமினியம் பாதியில் முடிந்துவிடும்.

நீளத்திலும் ஒரு ஏமாற்றம் உண்டு. 3100 மி.மீ. மெஷின் என்றால் மேசை நீளம்தான் அது. இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே 2600 போலத்தான் இருக்கும். பெரிய கதவுத் தகட்டை உள்ளே விட்டு வளைக்கிறவர் அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

கன்ட்ரோலர் திரையின் அளவைப் பார்த்து மயங்காதீர்கள். ரேமை இறக்கும் இரண்டு சிலிண்டரையும் ஒரே தண்டால் இணைத்த டார்ஷன் பார் மெஷினா, இரண்டையும் தனித்தனியாக ஸ்கேல் வைத்துக் கட்டுப்படுத்தும் சின்க்ரோ மெஷினா என்பதுதான் கேள்வி. நடுவில் ஒரே டூல் வைத்து ஒரே வேலை ஓட்டுகிறவருக்கு டார்ஷன் பார் போதும். இடது ஓரத்தில் ஒரு டூல், நடுவில் ஒரு டூல், வலது ஓரத்தில் ஒரு டூல் என்று ஒரே மேசையில் மூன்று ஸ்டேஜ் போடுகிறவர் சின்க்ரோவுக்குத்தான் போக வேண்டும்.

இனி நிறுவுவது. கொத்தனார் ரசமட்டம் இங்கே ஆகாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் பிரெசிஷன் லெவல் வைத்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் லெவலிங் போல்ட்டைத் திருக வேண்டும். அரை நாள் போகும், போகட்டும். இந்த மெஷின் தலைக்கனம் கொண்டது. இறக்கும்போது கிரேன்காரர் அவசரப்பட்டால் சாய்ந்துவிடும்.

அடுத்தது மோட்டார். ஒரு நொடி மட்டும் ஓடவிட்டு நிறுத்தி, மின்விசிறி அம்புக்குறிப் பக்கம் சுற்றுகிறதா என்று பார்க்காமல் நான் ரேமைத் தொடுவதில்லை. ஓசூரில் ஒரு பட்டறையில் நல்லபடியாக ஒப்படைத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து ஜெனரேட்டர் இணைத்தவர் இரண்டு ஃபேஸ் கம்பிகளை மாற்றிப் போட்டுவிட்டார். பம்ப் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. ரேம் அசையவில்லை என்று ஆபரேட்டர் தம்பி திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அழுத்தியிருக்கிறார். நான் போய்க் கழற்றியபோது பம்ப் உள்ளே எல்லாம் கீறல். ஃபேஸ் மாறினால் மோட்டாரை ஓடவிடாத, ஃபேஸ் சீக்வன்ஸ் ரிலே என்று சின்ன டப்பா ஒன்று இருக்கிறது. பம்ப் விலையோடு வைத்தால் அது டீச்செலவு. அன்றிலிருந்து அது பேனலுக்குள் இல்லாமல் நான் ஒப்படைப்பதில்லை. அன்று வைக்காதது என் தவறும்தான்.

ஏர் பெண்டிங்கில் பஞ்ச் டையின் அடியைத் தொடுவதில்லை. ரேம் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதுதான் கோணம். வீ 12-ல் ரேம் 0.1 மி.மீ. கூடக்குறைய நின்றாலே கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறும். அதனால்தான் காலையில் 90, மாலையில் 91 என்று சண்டை வருகிறது. பெரும்பாலும் மெஷின் மாறியிருக்காது, தகட்டுக் கட்டு மாறியிருக்கும்.

சோதனைக்கு ஒரே தகட்டிலிருந்து, ஒரே திசையில், 100 மி.மீ. அகலத்தில் மூன்று துண்டு வெட்டச் சொல்வேன். இடது, நடு, வலது என்று வைத்து ஒரே அழுத்தத்தில் மூன்றையும் வளைப்பேன். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் வந்தால் ரேம் சாய்வைத் திருத்த வேண்டும். ஓரங்கள் 90 காட்டி நடுத்துண்டு 91 காட்டினால் அது சாய்வு இல்லை. பாரம் தாங்கி மேசையும் ரேமும் நடுவில் விலகுகின்றன. மேசையின் நடுவை மேலே தூக்கிக் கொடுக்கும் கிரௌனிங்கைத்தான் ஏற்ற வேண்டும். கிரௌனிங் இல்லாத பழைய மெஷினில் டைக்கு அடியில் காகிதப் பட்டை வைத்துச் சரி செய்கிற கைதேர்ந்த ஆபரேட்டர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஓய்வு பெற்றதும் அந்தக் காகிதம் எங்கே இருந்தது என்று பட்டறையில் யாருக்கும் தெரியாது.

கடைசியாக, லேசர் கார்டு என்ற பாதுகாப்பு ஒளி. பஞ்ச் நுனிக்குக் கீழே விரல் வந்தால் ரேமை நிறுத்துவது அதுதான். பெட்டி வளைக்கும்போது பக்கச் சுவர் அந்த ஒளியை மறைக்கும், மெஷின் நின்று நின்று போகும். அதற்கென்று பாக்ஸ் மோடு இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளச் சோம்பி, கார்டையே சாவி போட்டு அணைத்துவிட்டு, சாவியை அப்படியே மெஷினில் தொங்கவிடுவது நான் பார்த்த பட்டறைகளில் வாடிக்கை. பெடலில் கால், டைக்கு முன்னே இரண்டு கை, காதில் போன். இரண்டு விரல் போன ஒருவர் எனக்குத் தெரியும். இன்றும் அதே மெஷினில்தான் நிற்கிறார்.

பாக்ஸ் மோடில் ஆபரேட்டர் என் கண்ணெதிரே பத்துப் பெட்டி வளைக்க வேண்டும். அதன்பிறகு அந்தச் சாவியைக் கழற்றி முதலாளி கையில் கொடுத்து, அவர் மேசை இழுப்பறைக்குள் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்குகிறேன்.