எரிந்துபோன டியூப் லைட்டை எங்கே கொடுப்பது?

பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை மதுரையில் யாரும் தெருவில் போட்டு நான் பார்த்ததில்லை. புதியது வாங்கும்போது கடைக்காரரே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்கிறார். ஈயத்துக்கு விலை உண்டு, அதனால் அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எரிந்துபோன டியூப் லைட்டுக்கு அந்த யோகம் இல்லை. பழைய இரும்புக் கடையில் அதைச் சீண்ட மாட்டார்கள். ஆகவே தெருமுனை மின்கம்பத்தில் சாய்த்து வைத்துவிட்டு வருகிறோம். ஒரு மாடோ, பந்து விளையாடும் பையனோ இடித்து அது உடைகிறது. மறுநாள் காலையில் தூய்மைப் பணியாளர் துடைப்பத்தால் கூட்டி அள்ளுகிறார். குழாயின் உள்ளே பூசியிருக்கும் வெள்ளைப் பொடியில் பாதரசம் இருக்கிறது. கூட்டும்போது கிளம்பும் தூசியை முதலில் சுவாசிப்பவர் அவர்தான்.

விலையும் இல்லாமல், விஷமும் உள்ள இந்த வகைக் குப்பைக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது: வீட்டு அபாயக் கழிவு. 2016 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைப் பட்டியல் போட்டே சொல்லின. பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்துக் குப்பி, சிஎஃப்எல் பல்பு, டியூப் லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், தீர்ந்துபோன பேட்டரி, பயன்படுத்திய ஊசி, சிரிஞ்சு ஆகியவை இதில் அடங்கும். மக்கும் குப்பை, மக்காத குப்பை ஆகிய இரண்டோடு இதையும் மூன்றாவதாகத் தனியே வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்த விதிகளின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின், டயாப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. பெயர்தான் மாறியிருக்கிறது. பல்பும் மருந்தும் பெயிண்ட் டப்பாவும் இந்த நான்காவது பைக்குள் வந்துவிட்டன. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று சுவரெல்லாம் எழுதியதில் இந்தப் பை மட்டும் பலருடைய கவனத்துக்கு வராமலே போய்விட்டது.

பிரித்துக் கொடுப்பது நம் கடமை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, பிரித்தாயிற்று, யாரிடம் கொடுப்பது? இதற்கும் 2016 விதிகளில் பதில் எழுதப்பட்டிருந்தது. வீட்டு அபாயக் கழிவைப் பெற்றுக்கொள்ள உள்ளாட்சி அமைப்பு தனி மையங்கள் அமைக்க வேண்டும். ஒவ்வொரு 20 சதுர கிலோமீட்டருக்கும், மீதமிருக்கும் பகுதிக்கும் ஒரு மையம். எந்த நேரத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்பதை மக்களுக்கு அறிவிக்க வேண்டும். சேர்ந்ததைப் பத்திரமாக வைத்திருந்து, அபாயக் கழிவுகளை அழிக்கும் நிலையத்துக்கு அனுப்பும் பொறுப்பும் உள்ளாட்சியுடையதே. மதுரை மாநகராட்சி 100 வார்டுகள், ஏறக்குறைய 148 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு மையங்கள் வருகின்றன. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மையம் எது, எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்று உங்களால் சொல்ல முடிகிறதா?

2025 ஜூலையில் வெளியான அகில இந்தியத் தூய்மைக் கணக்கெடுப்பில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் மதுரை 40ஆவது இடத்தில் வந்தது. ஊரே கோபப்பட்டது. அந்தக் கோபத்துக்குப் பத்து ரூபாய் செலவு செய்தால் உருப்படியாக ஒரு வேலை நடக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத்தாளில் ஒரு மனு எழுதுங்கள். என் வார்டுக்கான வீட்டு அபாயக் கழிவு மையம் எங்கே இருக்கிறது, அதன் வேலை நேரம் என்ன, கடந்த ஓராண்டில் எவ்வளவு சேர்ந்தது, சேர்ந்தது எங்கே அனுப்பப்பட்டது. இந்த நான்கு கேள்விகள் போதும். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். மனு எழுதப் பொறுமை இல்லாதவர்கள் இதே கேள்விகளை வார்டு கவுன்சிலரிடமோ, பகுதி சபைக் கூட்டத்திலோ, சுகாதார ஆய்வாளரிடமோ கேட்கலாம். ஆனால் வாயால் கேட்டதற்கு வாயால்தான் பதில் வரும்.

மையம் கிடைக்கும்வரை வீட்டில் எப்படி வைத்திருப்பது என்பதுதான் அன்றாடப் பிரச்சினை. நான் முதலில் சொல்ல விரும்புவது ஊசியைப் பற்றி. எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டி கொண்டுவரும் அம்மா ஒருமுறை கையுறையைக் கழற்றி விரலைக் காட்டினார். காய்கறித் தோலுக்குள் கிடந்த இன்சுலின் ஊசி கையுறையைத் துளைத்துக்கொண்டு ஏறியிருந்தது. ஊசியைப் போட்டவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட பிறகு ஊசியும் கத்தரிக்காய்க் காம்பு மாதிரி சாதாரணமாகிவிட்டது. ஊசியைத் தாளில் சுற்றிப் போட்டாலும், பிளாஸ்டிக் பையில் முடிந்து போட்டாலும் குத்தத்தான் செய்யும். கெட்டியான, திருகுமூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் திரவம் வந்த டப்பா இதற்கு நல்ல தோது. ஊசியை வளைக்காமல், மூடியைத் திரும்ப மாட்ட முயலாமல் அப்படியே அதற்குள் போட வேண்டும். முக்கால் பாகம் நிரம்பியதும் மூடியை இறுக்கி டேப் சுற்றி, மேலே ‘ஊசி’ என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். வண்டியில் தூக்கிப் போடாமல் பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள். சீருடை, ஒளிரும் மேலங்கி, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் ஆகியவற்றைப் பணியாளர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பதும் அதே 2016 விதிகளில் எழுதிவைத்ததுதான். சாதாரணக் கையுறை ஊசியைத் தடுக்காது என்பது வேறு விஷயம்.

யாருக்காவது குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம், 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. மஞ்சள் காமாலை வகையான ஹெபடைடிஸ் பி-க்கும் தடுப்பூசி தேவையா என்று மருத்துவர் பார்ப்பார். ‘சின்னக் குத்துதானே’ என்று மறுநாள் வேலைக்குப் போய்விடுபவர்களிடம் இதைச் சொல்லி அனுப்ப வேண்டியது தெருக்காரர்களின் வேலை.

சிஎஃப்எல் பல்போ டியூப் லைட்டோ வீட்டுக்குள் உடைந்தால் குழந்தைகளை வெளியேற்றி, மின்விசிறியையும் ஏசியையும் அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் அந்த அறைப்பக்கம் போகாதீர்கள். துடைப்பத்தைத் தொடாதீர்கள், அது பொடியை வீடெங்கும் பரப்பிவிடும். கெட்டி அட்டை இரண்டைக் கொண்டு சில்லுகளை அள்ளி, ஒட்டும் டேப்பால் பொடியை ஒற்றி, ஈரத் தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு மூடுங்கள். உடையாத பல்பைப் புதியது வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே செருகிவைப்பது மிக எளிது. பெட்டியை எறியாமல் வைத்திருந்தால் போதும்.

காலாவதியான மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டுவது பொதுவாகத் தவறு. இதற்கு விலக்கு ஒன்று உண்டு. ஃபெண்டனில், டிரமடால் போன்ற, வேறு யாராவது விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான 17 மருந்துகளை மட்டும் உடனே கழிப்பறையில் விட்டுவிடலாம் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் சொல்லியிருக்கிறது. உப்பிப்போன செல்போன் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, முனைகளில் டேப் ஒட்டி உலர்ந்த மணல் டப்பாவில் வையுங்கள், குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். இந்த வகைப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. எனவே வாங்கிய கடையில் கேட்கத் தயங்க வேண்டாம்.

எதையும் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. இன்னொரு விதியும் அதே ஆண்டில் வந்தது. உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் விழா நடத்துபவர், குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன் உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். காதணி விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஃபிளெக்ஸ் அடிக்கும் ஊரில் மூன்று நாள் பெரிய விஷயமா என்ன?

அண்மைக் காலமாக விடுமுறை நாட்களில் இளைஞர்கள் வண்டியூர் கண்மாய்க் கரை, கிருதுமால் நதி ஓரம் என்று குப்பை பொறுக்கக் கிளம்புகிறார்கள். நல்ல காரியம். ஆனால் செருப்புக்காலோடும் வெறுங்கையோடும் போவதைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. மூடிய காலணி, தடித்த ரப்பர் கையுறை, நீளமான இடுக்கி ஆகிய மூன்றும் இல்லாமல் இறங்கக் கூடாது. நிரம்பிய பையைக் காலோடு ஒட்டித் தூக்காதீர்கள், கையால் அமுக்கிக் குப்பையை இறுக்காதீர்கள். ஊசிகள் கொத்தாகக் கிடந்தாலோ, பெயர் தெரியாத திரவத்தோடு கேன் கிடந்தாலோ, உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகள் குவிந்திருந்தாலோ தொடாமல் சுற்றிலும் கயிறு கட்டிப் படம் எடுத்து மாநகராட்சிக்குத் தெரிவிப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. சேர்த்த மூட்டைகளை யார், எப்போது வந்து எடுப்பார்கள் என்பதை முந்தைய நாளே பேசிவைக்காவிட்டால் நாய்கள் அவற்றை மறுபடி கண்மாய்க்குள் இழுத்துவிடும்.

நகரத்தைத் தாண்டினால் கதை பூச்சிமருந்து டப்பாவுக்கு வந்துவிடுகிறது. மல்லிகைத் தோட்டங்களிலும் சோழவந்தான் பக்கத்து நெல் வயல்களிலும் வாய்க்கால் ஓரமாகக் காலி டப்பாக்கள் கிடக்கும். மருந்தடித்து முடித்ததும் டப்பாவில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானுக்குள்ளேயே ஊற்றிவிட வேண்டும். இப்படி மூன்று முறை. மருந்தும் வீணாகாது, வாய்க்காலும் பிழைக்கும். பிறகு அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். பெயிண்ட் வாளியில் செடி வைப்பதுபோல, பூச்சிமருந்து டப்பாவில் எண்ணெயோ குடிதண்ணீரோ பிடித்துவைக்கும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே காலி டப்பாவை மறுபடி பயன்படுத்த இடம் கொடுக்கும்படி வெளியே விடக்கூடாது என்று சொல்கின்றன. உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்க வேண்டும் என்பது அவை காட்டும் வழி. பிளாஸ்டிக்கும் தோட்டக் கிணறும் பெருகிவிட்ட காலத்தில் புதைப்பதைவிட ஒரே இடத்தில் சேர்த்து அனுப்புவதே நல்லது என்பது என் கருத்து.

அதற்கு ஊராட்சி ஒரு பூட்டுள்ள அறையோ பீப்பாயோ ஒதுக்கினால் போதும். இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் பீப்பாய் எங்கே இருக்கும், சாவி யாரிடம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதி எடுத்துச்செல்லச் சொல்வது ஆகிய மூன்றையும் குறிப்பிடச் சொல்லுங்கள். சாவி தூய்மைக் காவலரிடம் இருப்பதென்றால், அவருக்கு ரப்பர் கையுறை வாங்கும் செலவையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.