உஜ்வலா கேஸ் கனெக்‌ஷன்: யாருக்கு கிடைக்கும், என்ன கிடைக்கும்

பீடி சிகரெட்ட கையால தொட்டதே இல்லாத பொம்பளைங்களுக்கு சிஓபிடி வருதுன்னா பலபேர் நம்பமாட்டாங்க. மூச்சுக்குழாய் நாள்பட சுருங்கிப்போற வியாதி இது, சேதமானது மறுபடி முழுசா சரியாகாது. வெறகு, வறட்டி, ஜன்னல் இல்லாத சமையக்கட்டு, அதுல வருஷக்கணக்கா ஊதாங்குழலோட உக்காந்து இழுத்த புகை, இதெல்லாம் முக்கியமான காரணம். கையில காசு இருந்தா யார் வெறகு பொறுக்கப் போறாங்க?

இதுக்காகத்தான் மத்திய அரசு 2016 மே 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்துல பல்லியாங்கற ஊர்ல ஏழை வீடுகளுக்கு சமையல் கேஸ் கொடுக்கற உஜ்வலா திட்டத்த ஆரம்பிச்சாங்க, 2021ல ரெண்டாங்கட்டம் வந்துச்சு. ஏழைக்குடும்பத்து பொம்பளை பேர்லதான் கனெக்‌ஷன், 18 வயசு முடிஞ்சிருக்கணும், வீட்ல வேற யார் பேர்லயும் எந்த கம்பெனி கேஸும் இருக்கக்கூடாது. நம்ம தமிழ்நாட்ல நிறைய பேருக்கு இங்கதான் சிக்குது, ஏன்னா கலைஞர் ஆட்சியில கொடுத்த இலவச கேஸ் அடுப்போட வந்த கனெக்‌ஷன் மாமியார் பேர்ல சும்மா கிடக்கும், அதே ரேஷன் கார்டுல மருமகளும் இருந்தா அப்ளிகேஷன் நிக்காது. தனிக்குடித்தனம் போனவங்க முதல்ல கார்ட பிரிச்சுக்கோங்க.

ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எடுத்துட்டு பக்கத்துல இருக்கற இண்டேன், பாரத், ஹெச்பி எந்த ஏஜென்சிக்கு வேணாலும் போகலாம், ஆன்லைன்லயும் போடலாம். ஊர்விட்டு ஊர் வந்து செங்கல் சூளை, கட்டட வேலை பாக்கறவங்களுக்கு முகவரி சான்று இல்லன்னா சுய உறுதிமொழி எழுதிக்கொடுத்தா போதும், இது 2021ல வந்த நல்ல மாற்றம். சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் டெபாசிட் கிடையாது, அடுப்பும் முதல் சிலிண்டரும் இலவசம், அதனால டெபாசிட்னு யாராச்சும் காசு கேட்டா கொடுக்காதீங்க.

அடுத்த சிலிண்டர்லதான் பிரச்சனையே. 2025-26ல 14.2 கிலோ சிலிண்டருக்கு 300 ரூபா மானியம், வருஷத்துக்கு 9 சிலிண்டர் வரைக்கும்னு வச்சிருந்தாங்க, ஆனா முழு விலையும் நீங்க கட்டின பிறகுதான் அது பேங்க்ல ஏறும், தினக்கூலி வீட்ல மொத்தமா அவ்வளவு காசு எடுக்கறது லேசா என்ன, சிலிண்டர் காலியானதும் மறுபடி வெறகுக்கே போயிடறாங்க, கனெக்‌ஷன் கணக்கு காட்டறவங்க இத கண்டுக்கறதில்ல. மொத்தமா கட்ட முடியாதவங்க 5 கிலோ சிலிண்டர் கேட்டு வாங்கலாம், அதுக்கும் எடைக்கேத்த மானியம் வரும். ஆதார் பேங்க் கணக்கோட இணைஞ்சிருக்கணும், கேஸ் கேஒய்சியும், அதாவது கேஸ் வாங்கறது நீங்கதான்னு அடையாளம் சரிபாக்கறதும், முடிச்சிருக்கணும், இல்லன்னா மானியம் நின்னுடும்.

கேஸ் வந்தாலும் குளிக்க வெந்நீர் போட, நெல் அவிக்கன்னு வெறகடுப்பு எரியத்தான் செய்யுது. அத வீட்டுக்கு வெளிய திறந்த இடத்துல வைங்க, கைக்குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு அடுப்பு ஊதாதீங்க, குழந்தைங்களுக்கு நிமோனியா வர்றதுலயும் அந்த புகைக்கு பங்கு இருக்கு.

ஏற்கனவே இருமலும் இளைப்பும் மாசக்கணக்கா இருக்கறவங்க டாக்டர்கிட்ட போனா, சிகரெட் பழக்கம் இருக்கான்னு கேக்கறதுக்கு இல்லன்னு சொல்லிட்டு வந்துடாதீங்க, இத்தன வருஷம் வெறகடுப்புல சமைச்சேன்னு நீங்களே எடுத்துச் சொல்லுங்க, ஊதிப்பாக்கற டெஸ்ட், ஸ்பைரோமெட்ரின்னு பேரு, அத எடுக்கணுமான்னும் கேளுங்க. கேஸ் கசிவுன்னா 1906க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.