குதிரையால் வாந்தியெடுக்க முடியாது

போன ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்கு, ஒரு பண்ணைவீட்டு லாயத்தில் என் கண் முன்னால் ஒரு குதிரை செத்துப்போனது. எட்டு வயது காத்தியவாரிப் பெட்டை. முந்தைய நாள் அந்த வீட்டில் கிரகப்பிரவேசம். வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு கை சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டியிருக்கிறார்கள். விசேஷ நாளாயிற்றே என்று வீட்டுக்காரரும் வழக்கத்தைவிட இரு மடங்கு கொள்ளு வைத்திருக்கிறார். இரவு எட்டு மணிக்கே முன்னங்காலால் தரையைப் பிறாண்டத் தொடங்கிவிட்டதாம். கால்நடை மருத்துவனான எனக்குத் தகவல் வந்ததோ இரண்டரை மணிக்கு. இந்த ஆண்டில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது குதிரை.

அதே பொங்கலைத் தின்ற அந்த வீட்டு நாய் வேலியோரம் கக்கிவிட்டு, மறுநாள் வாலாட்டிக்கொண்டு நின்றது. நாயை வளர்த்துப் பழகியவர்கள் குதிரையையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி அடைத்தால் இரைப்பை கிழிந்தே போகும்.

கொள்ளைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எடுபடுவதில்லை. 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும்' என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த நமக்குக் குதிரையின் உணவே கொள்ளுதான் என்று பதிந்துவிட்டது. பழமொழி சொல்வது ஆசையைப் பற்றி. பாயசம் என்றால் பிள்ளை வாயைத் திறக்கும். அதற்காக மூன்று வேளையும் பாயசம் வைப்போமா? குதிரையின் உணவு புல். நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்கப் பிறந்த உயிர் அது. விட்டால் பதினான்கு, பதினாறு மணி நேரம் மேயும். அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை மட்டும் மிகச் சிறியது. ஏறத்தாழ ஒரு வாளித் தண்ணீர்தான் பிடிக்கும். அதில் தானியத்தையும் பொங்கலையும் ஒரே நேரத்தில் கொட்டினால், செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது, வாயு ஊதுகிறது, நஞ்சு ரத்தத்தில் கலக்கிறது. அதில் பிழைத்த குதிரைகூடச் சில நாளில் குளம்புக்குள் வீங்கிக் கால் ஊன்ற முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்து வண்டிக் குதிரை கொள்ளு தின்றது, உண்மைதான். அது நாள் முழுக்க வண்டி இழுத்தது. உங்கள் குதிரை வாரம் ஒருமுறை புகைப்படத்துக்கு நிற்கிறது.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போய்க் குதிரை வாங்கி வருகிறவர்களை நான் முதலில் கேட்பது, 'புல்லுக்கு என்ன ஏற்பாடு?' என்றுதான். 350 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஏழு கிலோ உலர்ந்த புல் வேண்டும். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த அருகம்புல்லைவிட நல்ல தீவனம் நம் ஊரில் குதிரைக்குக் கிடைப்பது அரிது. கூடக் கொஞ்சம் குதிரைமசால் என்ற தீவனப்பயிரும் போடலாம். பெயரிலேயே குதிரை இருக்கிறது. பச்சைச் சோளத்தட்டையே நாள்கணக்கில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதனால் சிறுநீர்ப்பை கெட்டுப் பின்னங்கால் தள்ளாட ஆரம்பித்த குதிரையை உங்களால் பழையபடி நடக்கவைக்க முடியாது. கொள்ளு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஊறவைத்து, வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்குள். எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் குதிரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மணல்மேல் புல் போடாதீர்கள், மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்விடும். சந்தேகம் இருந்தால் லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தை, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், மணல் போயிருந்தால் அடியில் தங்கும்.

வயிறு வலிக்கும் குதிரை உங்களிடம் சொல்லத்தான் செய்கிறது. தீவனத்தை விட்டு விலகி நிற்கும். திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும். தரையைப் பிறாண்டும், படுத்துப் புரளும், வியர்க்கும், லத்தி போடாது. 'விளையாடுகிறது என்று நினைத்தோம்' என்று என்னிடம் சொல்லாதீர்கள். உடனே தீவனத்தை எடுத்துவிட்டு, கடைசியாக லத்தி போட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, மருத்துவரைக் கூப்பிடுங்கள். தாடைக்கு அடியில் நாடி பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருந்தால் இயல்பு; அறுபதைத் தாண்டினால் ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். எண்ணெயோ பெருங்காயத் தண்ணீரோ மூங்கில் குழாயில் வாய்வழியாக ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கினால் வயிற்றுவலியோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும். மருந்துக்கடையில் கேட்டு வலி ஊசி போடுவதும் வேண்டாம். வலி அடங்கும், குடல் முறுக்கிக்கொண்டது அப்படியே இருக்கும், நான் வரும்போது எனக்கும் எதுவும் தெரியாது.

எனக்கு இதையெல்லாம் கல்லூரிக்கு முன்பே சொல்லிக்கொடுத்தவர் ஜட்கா என்ற குதிரைவண்டி ஓட்டிய ஒரு பெரியவர். காலையில் சேணம் பூட்டுமுன் குதிரையின் விலாவில் காதை வைத்து நிற்பார். இரண்டு பக்கமும் கேட்பார். 'பேசிக்கொண்டே இருக்க வேண்டும் தம்பி, பேச்சு நின்றால் வண்டி கிடையாது' என்பார். அவர் காதை வைக்கும்போது அந்தக் குதிரை கழுத்தைத் திருப்பி, அவர் முதுகில் மூக்கை வைத்து மெல்ல மூச்சு விடும். இருபத்தைந்து வருடத் தொழிலில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நான் கேட்டிருப்பதும் அதே குடல் ஓசையைத்தான். இன்றும் ஒரு குதிரை என் தோளில் மூச்சு விட்டால் அன்றைக்கு மற்ற வேலையெல்லாம் எனக்கு இலேசாகிவிடுகிறது. வீட்டில் குதிரை இருந்தும் இந்த இரண்டு நிமிட சுகம் தெரியாமல் இருக்கிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம். கை நிறைய வெல்லம் நீட்டுவதற்குப் பதில் ஒரு நாள் காதை வைத்துப் பாருங்கள்.

அந்தப் பண்ணைவீட்டில் இன்னொரு மட்டக்குதிரை இருக்கிறது. விடிந்ததும் கிளம்பும்போது அந்த வீட்டுப் பெண் குழந்தை அதன் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றாள். பொங்கல் ஊட்டியவர்களில் அவளும் ஒருத்தி. அவளை அதன் விலாவில் காது வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். 'உள்ளே தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கிறது மாமா' என்றாள். அந்தச் சத்தம் நின்றால் அப்பா எழுந்திருக்கும்வரை காத்திருக்காமல், எந்த நேரமானாலும் என்னை அழைக்கச் சொல்லி, லாயத்துச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் என் எண்ணை எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.