துருவேறிய போல்ட்டும் முறிந்த ஸ்டட்டும்: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முந்தைய வாரங்களில் புக்கிட் ரோத்தானில் உள்ள எங்கள் பட்டறைக்குப் பழைய கார்கள் நிறைய வரும். சாகா, ஈஸ்வரா, வீரா, கஞ்சில். பிள்ளைகள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் அப்பா ஓட்டும் வண்டிகள் இவை. அவற்றில் சில தாமாக ஓடி வருவதில்லை. கயிறு கட்டி இழுத்து வரப்படுகின்றன. திறந்து பார்த்தால் எஞ்சின் நன்றாகவே இருக்கும். புகைக்குழாயையோ பிரேக்கையோ வீட்டிலேயே சரிசெய்யப் பார்த்து, போல்ட்டின் தலையைத் தேய்த்து, அல்லது ஸ்டட்டை (ஒரு முனை உலோகத்தில் பொருந்தி நிற்க, மறுமுனையில் நட்டு ஏறும் மரைக் கம்பியை) பாதியில் முறித்து, அதற்குமேல் கை வைக்கப் பயந்து கொண்டுவந்திருப்பார்கள். சில பத்து ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை அதற்குள் பல நூறு ரிங்கிட் வேலையாகியிருக்கும்.

சொந்த வண்டியைத் தானே பிரித்துப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கைவேலை புதிதில்லை. நான் கேட்டுக்கொள்வது இரண்டே: இறுகிய போல்ட்டுக்கு நேரம் கொடுங்கள், முறிந்துவிட்டால் அதை மறைத்து வண்டி ஓட்டாதீர்கள்.

எங்கள் பக்கத்துப் போல்ட்டுகள் ஏன் இப்படி இறுகுகின்றன என்று முதலில் பார்ப்போம். கடல் பக்கத்தில் இருக்கிறது. ஜெரம் கடற்கரையிலிருந்து வரும் காற்றில் உப்பு உண்டு. மழை எந்த மாதமும் முழுதாக ஓய்வதில்லை. தோட்டச் சாலையின் சேறு வண்டியின் அடியில் அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இவற்றோடு பலர் நினைத்துப் பார்க்காத ஒன்றும் சேர்கிறது: உரம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பைப் போலவே அதுவும் ஒரு குளோரைடு உப்பு. சொந்தமாக இரண்டு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர் உர மூட்டையைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். சிந்திய உரம் காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்து, ஓட்டை வழியே கீழே இறங்கி, பின்பக்க சஸ்பென்ஷன் போல்ட்டுகளில் தங்குகிறது. அப்படிப்பட்ட வண்டிகளை அடியில் பார்த்தாலே அடையாளம் தெரியும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் பல வருடம் மூத்ததாகத் தோன்றும்.

இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரைக்கும் மரைக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியில் அந்தத் துரு பருத்து, ஆப்பு அடித்தாற்போல் இறுக்கிவிடுகிறது. எஃகு போல்ட் அலுமினியத்துக்குள் போகும் இடங்களில் வேறொரு சங்கடம். இரண்டு வேறுபட்ட உலோகங்கள் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கப்படும். வெள்ளைப் பொடி மரையை அடைக்கும். சாகாவின் எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஆகவே ஹெட்டில் புகைக்குழாயைப் பிடிக்கும் ஸ்டட்டுகளைத் தொடும்போது இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

அடுத்தது ஸ்பேனரைப் போடும்முன் செய்யும் தொடக்க வேலை. வண்டியைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் பெரும்பாலும் இதில்தான். கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். துரு படிந்த மரைமேல் நட்டு ஏறி வர வேண்டியிருந்தால் பாதி வழியில் மறுபடி சிக்கும். பிறகு ஊடுருவும் எண்ணெய். பலரும் டபிள்யூ டி 40 குப்பியைத்தான் எடுக்கிறார்கள். அது 1953இல் நீரை விலக்குவதற்காக உருவாக்கப்பட்ட திரவம். பெயரிலேயே அந்த வேலை இருக்கிறது. லேசான துருவுக்கு உதவும். ஆண்டுக்கணக்கில் இறுகியதற்கு, துருவுக்குள் ஊடுருவவென்றே செய்யப்பட்ட எண்ணெயைக் கடையில் கேட்டு வாங்குங்கள். எந்த எண்ணெயானாலும் தெளித்த ஐந்தாம் நிமிடம் ஸ்பேனரைப் போடுவதில் பயனில்லை. முதல் நாள் மாலை தெளித்து, படுக்கும்முன் இன்னொரு முறை தெளித்து, மறுநாள் காலையில் கை வையுங்கள். இடையிடையே போல்ட்டின் தலையில் நேராகச் சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அடிக்கத் தேவையில்லை. அதிர்வு துருவில் விரிசல் விழச் செய்யும், அந்த விரிசலில் எண்ணெய் இறங்கும்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு முனை சாக்கெட் தலையின் மூலைகளை மட்டுமே பிடிக்கிறது. ஆறு முனை சாக்கெட் பக்கங்களைப் பிடிக்கிறது. இறுகிய போல்ட்டில் ஆறு முனையைத் தவிர வேறெதையும் நான் அனுமதிப்பதில்லை. திறந்த வாய் ஸ்பேனரும், வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனரும் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். தலை தேய்ந்த போல்ட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டால் தேய்ந்தவைதான்.

முதலில் மிகச் சிறிதளவு இறுக்கும் பக்கம் அசைத்துப் பாருங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் துருவின் பிடி விட்டது என்று பொருள். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, சிக்கினால் திரும்பவும் உள்ளே, எண்ணெய், மறுபடி வெளியே. உள்ளே உடைந்த துருத் துகள்களுக்கு வெளியேற வழி வேண்டும். ஒரே மூச்சில் வெளியே இழுத்தால் அதே துகள்கள் மரையை உழுதுவிடும்.

கையில் உணர வேண்டிய ஒன்று உண்டு. இறுகிய போல்ட் சட்டென்று விடுபடும்போது சத்தம் கேட்கும், பிறகு சுலபமாகச் சுற்றும். முறியப்போகும் போல்ட் சத்தமில்லாமல், மிட்டாய் முறுக்குவதுபோல் மெதுவாகச் சுழலும். தலை திரும்பும், ஆனால் உள்ளே எதுவும் வெளிவராது. அந்த மென்மையை உணர்ந்த நொடியில் கையை எடுத்துவிடுங்கள். அந்த நிலையில் கொண்டுவந்த போல்ட்டுகளை நாங்கள் பலமுறை முழுதாகவே கழற்றியிருக்கிறோம். தண்ணீர்க் குழாயை ஸ்பேனரில் செருகி நீளம் கூட்டுபவர்களுக்கு இந்த உணர்வு கைக்கு எட்டுவதே இல்லை. நான் அதை வெறுப்பது அதனால்தான்.

குழாயைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில் படுத்து நீண்ட கம்பியை இழுப்பது உயிரோடு விளையாடுவது. பக்கவாட்டில் இழுக்கும் விசை வண்டியை ஜாக்கியிலிருந்து சாய்க்கும். செங்கல் நொறுங்கும், செம்பனைக் கட்டை அமுங்கும். ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள், அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அண்ணாந்து பார்த்துத் துருவைத் தட்டாதீர்கள்.

எண்ணெய்க்கு அசையாததைச் சூட்டுக்குக் கொண்டுபோகிறோம். இங்கே கணக்கு எளிது. 10 மில்லிமீட்டர் ஓட்டையுள்ள எஃகு நட்டை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அந்த ஓட்டை ஏறத்தாழ 0.036 மில்லிமீட்டர் அகலும். பார்வைக்குத் தெரியாது, ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எனவே சூடு நட்டுக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் போக வேண்டும், போல்ட்டுக்குப் போகக் கூடாது. சிவக்கச் சுட்ட போல்ட்டை மறுபடி பூட்டாதீர்கள். பதப்படுத்திய எஃகின் வலு அந்தச் சூட்டில் போய்விடும்.

வீட்டில் நெருப்பு ஊதும் கேஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் போவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பெட்ரோல் தொட்டி, பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், நீங்களே தெளித்த எண்ணெய் என்று எல்லாமே பற்றிக்கொள்ளும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறது. அதைத் தெளித்த இடத்தில் வெல்டிங் வைத்தாலோ நெருப்புக் காட்டினாலோ பாஸ்ஜீன் வாயு உண்டாகலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட நச்சு வாயு அது. மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். அதுவரை ஒன்றுமில்லை என்றே தோன்றும். எங்கள் பட்டறையில் வெல்டிங் வேலைக்கு முன் எந்தக் குப்பியால் துடைத்தோம் என்று கேட்காமல் யாரும் தொடங்க முடியாது.

சரி, முறிந்துவிட்டது. இப்போது?

ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்து, சூடு சற்றுத் தணிந்ததும் அந்த நட்டைத் திருப்பிக் கழற்றுவோம். வெல்டிங்கின் சூடே துருவையும் உடைத்துவிடுகிறது. ஒரே வேலையில் இரண்டு பலன். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மட்டத்தோடு முறிந்திருந்தால், கடையில் கிடைக்கும் கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டரைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முழுத் தடிமனுள்ள போல்ட்டே துருவின் பிடியைத் தாங்காமல் முறிந்திருக்கிறது. அதன் நடுவில் ஓட்டை போட்டு, அதைவிட மெல்லிய ஒரு கருவியால் திருகினால் எது முறியும்? அதோடு, கூம்பு உள்ளே இறங்க இறங்க முறிந்த துண்டை வெளிப்பக்கம் விரித்து மரையோடு இன்னும் அழுத்துகிறது. எக்ஸ்ட்ராக்டர் மிகக் கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதன்மேல் ஏறாது. அளவுக்குமேல் இறுக்கியதால் முறிந்த, துரு இல்லாத போல்ட்டுக்கு அது நல்ல கருவி. துருவால் முறிந்ததற்கு, நடுவில் சரியாகப் பஞ்ச் வைத்து, சிறிய டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசியில் மரையில் ஒட்டிய மெல்லிய உறையை மட்டும் எடுப்பதே பாதுகாப்பு. நடுப்புள்ளி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அலுமினிய மரை போய்விடும். இந்த வேலைக்கு அவசரப்படுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

மரை போய்விட்டாலும் ஹெட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 8 மில்லிமீட்டர் போல்ட்டின் ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, சுருள் கம்பி வடிவிலான உள்மரையைப் பூட்டலாம். ஒழுங்காகப் பூட்டினால் அலுமினியத்தின் பழைய மரையைவிட அது உறுதியாகவே நிற்கும். "ஹெட் போய்விட்டது, வேறு வாங்குங்கள்" என்று யாராவது உடனே சொன்னால், உள்மரை போட முடியுமா என்று கேளுங்கள்.

பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டவற்றில் இந்தக் கைவேலை எதுவும் செய்வதில்லை. பிரேக் காற்று எடுக்கும் திருகு முறிந்தால் அந்தச் சிலிண்டரையே மாற்றுகிறோம்.

சக்கர ஸ்டட் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் கஞ்சில், எண்ணெய் மாற்ற வந்தது.

"ஐயா, இந்தச் சக்கரத்தில் ஒரு நட்டைக் காணோமே?"

"அது போன வருடமே முறிந்துவிட்டது, தம்பி. மூன்று இருக்கிறதே, ஓடத்தான் செய்கிறது."

ஓடத்தான் செய்யும். அந்தச் சக்கரத்துக்கு மொத்தம் நான்கு ஸ்டட்டுகள். ஒன்று போனால் அழுத்திப் பிடிக்கும் விசையில் கால் பங்கு போய்விடுகிறது. பிடி குறைந்த சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் மீதி ஸ்டட்டுகளைக் கொஞ்சம் வளைக்கிறது. வளைந்து வளைந்து உலோகம் களைத்துப்போகிறது. பக்கத்து ஸ்டட் முறிந்தால் மூன்றாவது தாங்காது. புது ஸ்டட்டின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசுதான். அவர் பேத்தியைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வண்டி அது என்று பிறகு தெரிந்தபோது எனக்கு நெஞ்சு பதைத்தது. அன்றே மாற்றிக் கொடுத்தோம்.

போல்ட் வாங்கும்போது இரும்புக் கடையில் 'பத்து எம்எம்' என்று மட்டும் கேட்காதீர்கள். கடையில் பொதுவாகக் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட்டில் மரை இடைவெளி 1.5. ஜப்பானிய வழிவந்த நம் கார்களில் பெரும்பாலும் 1.25. இரண்டு சுற்று கையால் ஏறும், பிறகு ஸ்பேனரால் அழுத்தி ஏற்றினால் மரை நாசம். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். தலையில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். 8.8 என்றிருந்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை தாங்கும் வகை. மிட்சுபிஷி வழிவந்த சாகாவில் 4, 7 என ஒற்றை எண்ணாக இருக்கும். எண் இல்லாத போல்ட்டைச் சஸ்பென்ஷனில் பூட்டாதீர்கள். துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அந்த ரகத்தில் வழக்கமாகக் கிடைப்பது 8.8ஐவிட வலுக் குறைந்தது.

பூட்டும்போது மரையைச் சுத்தம் செய்து, புகைக்குழாய் ஸ்டட்டுகளில் செம்புப் பசை தடவுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். சக்கர நட்டில் அதைத் தடவ வேண்டாம். இறுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே செலவாகிறது. பசை உராய்வைக் குறைத்தால் அதே இறுக்கம் ஸ்டட்டை அளவுக்குமேல் இழுத்துவிடும். 12 மில்லிமீட்டர் சக்கர நட்டுக்குப் பெரும்பாலும் 90 முதல் 110 நியூட்டன் மீட்டர் போதும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாவிட்டால் பட்டறைக்கு வந்து சரிபார்த்துக்கொண்டு போங்கள், அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை. சக்கரம் கழற்றிப் பூட்டிய வண்டியை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆறவைத்து நட்டுகளை மறுபடி ஒருமுறை பாருங்கள். பத்துமலைக்கோ பினாங்குக்கோ கிளம்புவதற்கு முதல் நாள் சக்கரத்தைக் கழற்றும் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது.